படித்த படிப்பா? பிடித்த பிடிப்பா? – ‘பிடித்த பிடிப்பே!’

(‘இன்றைய இளைஞர்களைக் கரை சேர்ப்பது படித்த படிப்பா? பிடித்த பிடிப்பா?’ என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், ‘பிடித்த பிடிப்பே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய கோவைப் பேராசிரியை ஒருவரின் உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்ட எதிரணி நண்பர்களே! வீட்டில் காலைப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். “அம்மா, நீங்கள் ஒரு பேராசிரியை. படிப்பை விற்றுச் சாப்பிடுகிற நீங்களே படிப்புக்கு எதிராகப் பேசலாமா?” என்றார். நியாயமான கேள்விதான். இருபத்திரண்டு வருஷமாக நான் மார்க்கெட்டிங் பாடம் நடத்துகிறேன். அந்த இருபத்திரண்டு வருஷத்துப் படிப்பை, எட்டே வாரத்தில் எனக்கு ஒருத்தி திருத்தி எழுதிக் கொடுத்தாள். அவள் வேறு யாருமில்லை, என் மகள். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். (கைதட்டல்)

என் மகளும் எம்.பி.ஏ. மார்க்கெட்டிங்தான் படித்தாள். முதல் வருஷம் முடிந்ததும் எட்டு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் போக வேண்டும். இன்டர்ன்ஷிப் என்றால் என்ன என்று தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகாமலே மருமகள் வேலை பார்ப்பது! எல்லா வேலையும் செய்ய வேண்டும். சம்பளம் கேட்கக் கூடாது. கடைசியில் ‘நல்ல பெண்’ என்று ஒரு காகிதம் கொடுப்பார்கள். (சிரிப்பு)

நடுவர்: மாமியார்கள் அந்தக் காகிதமும் கொடுக்கிறதில்லையேம்மா! (பலத்த சிரிப்பு)

அது வேறு பட்டிமன்றம் அய்யா! நான் என்ன செய்தேன்? என்னிடம் படித்த ஒரு பையன் வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறான். அவனிடம் சொல்லி, குளுகுளு அறையில் ஒரு நாற்காலி ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். மகளிடம் சொன்னால், “வேண்டாம்மா. நான் கார் ரேஸ் டீம்ல சேரப் போறேன்”கிறாள்.

எனக்கு மூச்சே நின்றுபோச்சு. எங்கள் வீட்டில் என் மாமியார் இருக்கிறார், எண்பது வயசு. அவர் காதில் ‘ரேஸ்’ என்ற ஒரு சொல்தான் விழுந்தது. “ரேஸ் கோர்ஸ்லயா கண்ணு? பக்கந்தான, போயிட்டு வரட்டும்”னார். (சிரிப்பு) கோயமுத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சிரிப்பின் அர்த்தம் தெரியும். எங்கள் ஊரில் ரேஸ் கோர்ஸ் என்பது காலையிலே நடைப்பயிற்சி போகிற சாலை! அங்கே குதிரை ஓடின காலம் போய், இப்போது சர்க்கரை வியாதிக்காரர்கள் ஓடிக்கொண்டிருக்கிறோம். (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் ஏன் எதிர்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. காருக்கும் மார்க்கெட்டிங்குக்கும் என்ன சம்பந்தம்? ஓட்டுகிறவன் ஓட்டுகிறான், ஸ்பேனர் பிடிக்கிறவன் பிடிக்கிறான், நடுவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டேன். அப்போது அவள் சொன்ன பதிலை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் நடத்தியதில்லை.

“அம்மா, பெட்ரோல்ல ஓடறதுன்னு நீங்க நினைக்கறீங்க. ரேஸ் கார் ஸ்பான்சர்ல ஓடுது” என்றாள். (கைதட்டல்)

உண்மைதான். ஒரு காலத்தில் பார்முலா ஒன் கார்களுக்கு அந்தந்த நாட்டின் வண்ணம்தான். இங்கிலாந்துக் கார் என்றால் பச்சை, இத்தாலி என்றால் சிவப்பு, பிரான்ஸ் என்றால் நீலம். 1968-இல் லோட்டஸ் அணி தன் பச்சையை அழித்துவிட்டு, ஒரு சிகரெட் கம்பெனியின் சிவப்பு, வெள்ளை, தங்க வண்ணத்தைப் பூசிக்கொண்டு களத்தில் இறங்கியது. அன்றையிலிருந்து காரின் மேல்தோல் வாடகைக்கு விடப்படும் சுவராகிவிட்டது. இந்தச் சுவருக்கு வாடகை வந்தால்தான் டயர் வாங்கலாம், மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுக்கலாம், காரை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? எங்கள் கோயமுத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். மில் முதலாளி குடும்பத்தில் பிறந்த கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்து இங்கேயே, குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்துவிட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற ஓடுதளத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் ஓட்டி, பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அப்போது அந்தக் காரின் மேல் டாடாவின் பெயரும் இருந்தது. திறமை அவருடையது, ஆனால் அந்தத் திறமை காருக்குள் உட்கார, வெளியே ஒருவர் பெயர் எழுதக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காசைக் கேட்டு வாங்குகிற ஆள்தான் மார்க்கெட்டிங் ஆள்!

இதெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு, “வங்கிக்குப் போறியா, இல்லையா?” என்று கேட்டேன். “இல்லை” என்றாள். அதோடு எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. மூன்று வாரம்! ஒரே கூரைக்குக் கீழே நானும் அவளும் என் மாமியார் வழியாகத்தான் பேசினோம். “பால்காரர் வந்திருக்காருன்னு உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க பாட்டி.” “பாலை அவளையே வாங்கி வைக்கச் சொல்லுங்க அத்தை.” நடுவில் அந்த அம்மா, கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரர் மாதிரி ஆகிவிட்டார். (சிரிப்பு)

இப்போது எதிரணி நண்பர்கள் சந்தோஷப்படுகிற கட்டம் வருகிறது. பிடிப்பு, பிடிப்பு என்கிறீர்களே, அந்தப் பிடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு என் மகள் முப்பத்தோரு கடிதம் எழுதினாள். ‘எனக்குக் கார் பந்தயம் என்றால் உயிர். சின்ன வயசிலிருந்தே ஆசை. ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.’ முப்பத்தொன்றுக்கும் பதில் இல்லை. ஒன்றே ஒன்றுக்குப் பதில் வந்தது. அதுவும் ‘உங்கள் கடிதம் கிடைத்தது’ என்று இயந்திரம் போட்ட பதில்! (சிரிப்பு)

அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் என் மாமியார் கேட்டார்: “அந்தக் காயிதத்துல என்ன கண்ணு எழுதுன?” படித்துக் காட்டினாள். அந்த அம்மா மூன்றாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொன்னார்: “தரகர்கிட்டப் போயி எனக்குக் கல்யாணம்னா உசுருன்னு சொன்னா பொண்ணு பாத்துருவானா? உனக்கு என்ன வேணும்னு எழுதியிருக்கற. அவிங்களுக்கு என்ன வேணும்னு ஒரு எழுத்து எழுதுனியா?” (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இருபத்திரண்டு வருஷமாக நான் வகுப்பில் நடத்துகிற பாடம் இதுதான். வாங்குகிறவனின் தேவையைத் தெரிந்துகொள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். ஆனால் என் மகளிடம் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான்தான் வங்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேனே!

அவள் என்ன செய்தாள்? பந்தயம் நடக்கிற இடங்களில் மார்ஷல் என்று தொண்டர்கள் இருப்பார்கள். திருப்பத்தில் நின்று கொடி காட்டுகிற வேலை. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, முந்தாதே என்று அர்த்தம். அதற்குப் பயிற்சி எடுத்து, செட்டிபாளையத்தில் ஒரு சனி ஞாயிறு முழுக்க வெயிலில் நின்றாள். மாநிறமாகப் போன பெண் கரிக்கட்டையாகத் திரும்பி வந்தாள். ஆனால் ஒரு சேதியோடு வந்தாள்.

அங்கே டீ குடிக்கிற நேரத்தில், ஒரு சின்ன அணியின் மேலாளர் புலம்பிக்கொண்டிருந்தாராம். ஒரு லேத் பட்டறை முதலாளி அவர்களுக்கு ஸ்பான்சர். பம்புசெட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறவர். அவர் வந்து, “ஏனுங், இத்தனை காசு கொடுத்தேன். எம் பேரை எவன் படிச்சான்?” என்று கேட்டுவிட்டாராம். மேலாளரிடம் பதில் இல்லை.

என் மகள் வீட்டுக்கு வந்து, அந்தப் பந்தயத்தின் பதிவை இணையத்தில் போட்டு, ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு கையில் பென்சில் என்று உட்கார்ந்தாள். அந்தப் பட்டறையின் பெயர் படிக்கிற மாதிரித் தெரிகிற ஒவ்வொரு கணத்தையும் எண்ணினாள். நான்கு இரவு! நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓட்டி. இருபத்தைந்து நிமிஷப் பந்தயத்தில் அந்தப் பெயர் தெரிந்தது எவ்வளவு நேரம் தெரியுமா? பதினொரு விநாடி!

ஏன்? மணிக்கு 180 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 50 மீட்டர். கண்ணை இமைத்து முடிப்பதற்குள் கார் போய்விடும். வெள்ளைக் காரில் இளமஞ்சள் எழுத்து. அதுவும் பக்கவாட்டில், சக்கரம் மறைக்கிற இடத்தில், ஜாதகக் கட்டம் மாதிரிப் பொடி எழுத்து! படிக்க வேண்டுமென்றால் காரோடு நாமும் ஓட வேண்டும். (சிரிப்பு)

இரண்டே பக்கம் எழுதினாள். எழுத்தைக் கறுப்பாக்குங்கள். முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் பெரிதாகப் போடுங்கள். பின்னால் வருகிற காரின் கேமரா பார்க்கிற இடம் பின் இறக்கை. பெயரை அங்கே கொண்டு போங்கள். கார் ஓடும்போது யாரும் படிக்க மாட்டார்கள். ஓட்டுநர் இறங்கிப் பேட்டி கொடுக்கும்போது அசையாமல் நிற்பார். அவர் தொப்பியில் எழுதுங்கள்.

இந்தத் தொப்பி விஷயத்தில் நான் பிறகு தெரிந்துகொண்ட ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். நிக்கி லாடா என்று ஆஸ்திரியா நாட்டு வீரர். 1976 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் கார் தீப்பிடித்து முகமும் காதும் வெந்து போனார். ஆறே வாரத்தில் எழுந்து வந்து மறுபடி ஓட்டினார். தழும்பை மறைக்க ஒரு சிவப்புத் தொப்பி போட்டார். அந்தத் தொப்பியின் நெற்றியில் பெயர் எழுத நிறுவனங்கள் காசு கொடுத்தன. 2019-இல் அவர் மறைகிற வரைக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிதான் அவர் அடையாளம். காயத்தை மறைத்த துணிக்கு இத்தனை மதிப்பு! ஜெயித்தவன் தொப்பி என்பதற்காக மட்டுமா? விழுந்தும் விடாதவன் தொப்பி என்பதற்காக! (பலத்த கைதட்டல்)

அந்த இரண்டு பக்கத்தை அணி மேலாளருக்கு அனுப்பினாள். ‘எனக்கு வேலை கொடுங்கள்’ என்ற வார்த்தையே அதில் இல்லை. மறுநாள் காலை தொலைபேசி. “யாரும்மா நீ? நாளைக்கே வர முடியுமா? சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.” முப்பத்தோரு கடிதத்தில் திறக்காத கதவு, பதினொரு விநாடியில் திறந்தது!

எதிரணி நண்பர் எழுதிக்கொள்கிறார். “எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் சொல்லிக்கொடுத்தது படிப்புத்தானே?” என்று கேட்கப் போகிறார். கேளுங்கள். படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அவள் வகுப்பில் அறுபது பேர் அதே பாடத்தைத்தான் படித்தார்கள். அதே வாத்தியார், அதே புத்தகம். நான்கு ராத்திரி கண்விழித்து ஒரு லேத் பட்டறையின் பெயரை எண்ண அறுபது பேரில் யார் உட்கார்ந்தார்கள்? படிப்பு கையில் அளவுகோலைக் கொடுத்தது அய்யா. அந்த அளவுகோலோடு தூங்காமல் உட்கார வைத்தது பிடிப்பு! (கைதட்டல்)

பிடிப்பு என்றால் ரசிப்பது என்று நினைக்கிறோம். இல்லை. கார் பறப்பதைப் பார்த்துக் கைதட்டுவது ரசிப்பு. அது டிக்கெட் வாங்குகிற எல்லாருக்கும் உண்டு. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் தெருப்பந்தயம் நடந்ததே, விசிலடித்தவர்கள் எல்லாரும் ரசித்தவர்கள்தான். ஆனால் பிடித்த ஒன்றுக்காகப் பிடிக்காத வேலையையும் முகம் சுளிக்காமல் செய்கிறோம் பாருங்கள், அதற்குப் பேர்தான் பிடிப்பு.

எட்டு வாரத்தில் என் மகள் காரில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. ஸ்டிக்கர் ஒட்டினாள், குமிழ் விழுந்தால் உரித்து மறுபடி ஒட்டினாள். விருந்தினருக்குச் சாப்பாட்டுக் கூப்பன் எண்ணினாள். நூறு கம்பெனிக்குத் தொலைபேசி செய்து, தொண்ணூற்றொன்பது ‘வேண்டாம்’ வாங்கினாள். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவள் அய்யா அவள்! (சிரிப்பு)

கடைசிப் பந்தயம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில். என் மாமியார் ஒரு தூக்குச்சட்டியில் புளிசாதம் கட்டிக் கொடுத்து, “போய்ப் பாத்துட்டு வா”ன்னார். வீம்பு விடாமல்தான் போனேன். மகளுக்குத் தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த லேத் பட்டறை முதலாளி வந்திருந்தார். தனியாக வரவில்லை. தன்னிடம் வேலை பார்க்கிற பன்னிரண்டு பேரை வேனில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பின் இறக்கையில் அவர் பட்டறைப் பெயர், கறுப்பில், பெரிதாக. எல்லாரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். விளக்கு அணைந்தது, கார்கள் கிளம்பின. இரண்டாவது சுற்று. இவர்கள் காரிலிருந்து புகை. ஓரம் கட்டி நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் போச்சு!

அந்த முதலாளி முகத்தை நான் பார்த்தேன். எழவு வீட்டு முகம். மேலாளர் அந்தப் பக்கமே வரவில்லை. என் மகள் தனியாக நிற்கிறாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நல்ல நாற்காலி கொடுத்தேனே, உதறிவிட்டு வந்து இப்படி நிற்கிறாயே என்று அழுகை வந்தது.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? முதலாளியிடம் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டு தொழிலாளிகளிடம் போனாள். “அண்ணா, பந்தயம் முடிஞ்சு காரைக் கொண்டு வந்ததும் கியர்பாக்ஸைத் திறக்கப் போறாங்க. உங்களைவிட இது யாருக்குத் தெரியும்? வந்து பாருங்கண்ணா” என்று பிட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்!

மெக்கானிக் கழற்றுகிறார், இவர்கள் பன்னிரண்டு பேரும் குனிந்து பார்க்கிறார்கள். அதில் ஒரு பெரியவர், தேய்ந்துபோன ஒரு புஷ்ஷை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “முதலாளி, இதை நாமளே கடைஞ்சு கொடுத்துரலாமுங்க”ன்னார். அந்த முதலாளியின் முகம் மாறியதே, அதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. அதுவரை காரின் மேலே அவர் பெயர் மட்டும் இருந்தது. அந்த நிமிஷம் முதல் கார் அவருடையதாகிவிட்டது. “அடுத்த ரேஸுக்கும் எம் பேரை எழுதிக்கம்மா”ன்னார். (நீண்ட கைதட்டல்)

ஜெயித்த காரை யாரும் விற்கலாம் அய்யா. நின்றுபோன காரை விற்றாள் என் மகள். நான் புளிசாதத் தூக்கோடு கீழே இறங்கிப் போனேன். “எப்பம்மா வந்தீங்க?”ன்னாள். மூன்று வாரத்துக்கும் எட்டு வாரத்துக்கும் சேர்த்து நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: “சாப்பிட்டியா?” அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாக்கள் மன்னிப்புக் கேட்கிற மொழி அதுதானே! (கைதட்டல்)

நடுவர்: சரிம்மா, வேலை கிடைச்சுதா? அதைச் சொல்லுங்க. எதிரணி காத்துக்கிட்டிருக்கு.

சொல்கிறேன் அய்யா. அந்த அணியில் வேலை கிடைக்கவில்லை. சம்பளம் கொடுக்க அவர்களிடம் காசு இல்லை. ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். ஆனால் அடுத்த வருஷம் ஒரு எஞ்சின் ஆயில் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: “எட்டு வாரத்தில் நீ தோற்ற கதை ஒன்று சொல்.” மற்றவர்கள் தோற்கவே இல்லை என்று சாதித்தார்களாம். இவள் இரண்டாவது சுற்றுப் புகையைப் பற்றிச் சொன்னாள். இன்றைக்கு அந்த நிறுவனத்தில், எந்தப் பந்தய அணிக்கு ஸ்பான்சர் செய்யலாம் என்று முடிவு செய்கிற குழுவில் அவளும் ஒருத்தி! (கைதட்டல்)

என் மாமியாருக்கு மட்டும் ரொம்ப நாள் சந்தேகம் தீரவில்லை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பார்த்துவிட்டு, “அஜித்தே போறாராமா? அப்ப நல்ல எடந்தான் கண்ணு”ன்னு தீர்ப்புச் சொல்லிவிட்டார். (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே! என் மாணவர்களுக்கு இப்போதும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். ஆனால் பெற்றோர் யாராவது வந்து, “மேடம், எம் பொண்ணுக்கு எங்கேயாவது நல்ல நாற்காலியாப் பாத்துக் கொடுங்க”ன்னு கேட்டால், ஒரு கேள்வி கேட்கிறேன்: “உங்க பொண்ணு எதுக்காக ராத்திரி கண் முழிக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா?” எனக்கு அது தெரியாமல் மூன்று வாரம் என் மகளோடு பேசாமல் இருந்தேன். வேறு எந்தத் தாயும் அப்படி இருக்க வேண்டாம்.

ஆகவே, படிப்பு ஏணி. ஆனால் ஏறுகிறவன் கையில் பிடிப்பு இல்லை என்றால், ஏணி எத்தனை உயரமாக இருந்தாலும் விழத்தான் வேண்டும். இளைஞர்களைக் கரை சேர்ப்பது பிடித்த பிடிப்பே, பிடித்த பிடிப்பே என்று நல்லதொரு தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (பலத்த கைதட்டல்)